ஜோடி இல்லாத வெளிச்சம்

போன மாதம் எங்கள் இயற்பியல் துறையிலிருந்து ஒரு போன். நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற பெண் பேசினாள். புதுக் கருவி ஒன்று வந்து இறங்கியிருக்கிறதாம். ஒளித்துகள்களை ஜோடி ஜோடியாக உண்டாக்கி, எண்ணி, அளந்து, எல்லாவற்றையும் அதுவே செய்துகொள்கிறதாம். "மேடம், நீங்க இருந்தப்ப இதெல்லாம் கெடையாதில்ல?" என்று கேட்டாள். எனக்கு வந்ததே கோபம். சிதம்பரத்து ஆசாரி செய்து கொடுத்த மரப்பெட்டிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து, அதற்குள் இதே ஜோடிகளை நாங்கள் எண்ணினோம் என்று ஆரம்பித்தவள், அவளை வெகுநேரம் விடவில்லை. கடைசியில் அவள், "இதை எழுதிக் குடுத்துடுங்களேன், துறை மலர்ல போட்டுடலாம்" என்றாள். என் பேச்சை நிறுத்தத்தான் அப்படிச் சொன்னாளோ என்னவோ, நான் எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை சிதம்பரத்தில். இளநிலை மாணவர்களின் ஆய்வகத்தில் மீட்டர் ரிப்பேர் பார்ப்பது, சோடியம் விளக்கு மாற்றுவது, பிள்ளைகள் உடைத்த லென்ஸுக்குப் பதில் சொல்வது என்றே பல வருஷம் ஓடிவிட்டது. 2004-ல் பேராசிரியர் கலியமூர்த்தி சார் தன்னுடைய இருட்டறைக்கு என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதிலிருந்து 2012-ல் ஓய்வு பெறும்வரை என் பகல் முழுக்க இருட்டில்தான் போனது. அவ்வளவு சந்தோஷமாக வேறெந்த வேலையும் நான் செய்ததில்லை.

கலியமூர்த்தி சார் பண்ருட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். முந்திரித் தோப்பும் பலா மரமும் உள்ள வீடு. அட்டெண்டர் முதல் துறைத் தலைவர்வரை எல்லாரையும் 'வாங்க, போங்க'தான். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். "அப்படிங்களா" என்று மெதுவாகக் கேட்டாரென்றால், எதிரில் நிற்பவர் தன் தப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

அந்த இருட்டறைக்குள் நுழைவதற்கு அவர் வைத்திருந்த சட்டதிட்டம் கோயில் கருவறைக்குக்கூட இருக்காது. செருப்பு வெளியே. செல்போன் அணைக்கப்பட்டு வெளி மேசையில். வளையல் கழற்ற வேண்டும், அதில் பட்டு ஒளி சிதறுமாம். கதவை இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே இருப்பவர் "வரலாம்" என்று சொல்லும்வரை நிற்க வேண்டும். துறைத் தலைவரே வந்தாலும் நிற்க வேண்டியதுதான். ஒளியை எண்ணுகிற டிடெக்டர் ஓடும்போது டியூப்லைட் எரியவே கூடாது, அந்த வெளிச்சத்தில் அது பாழாகிவிடும். பெட்டியின் மூடியை அவரைத் தவிர யாரும் திறக்கக் கூடாது, உள்ளே ஒரு கண்ணாடி மயிரிழை நகர்ந்தாலும் மறுபடி சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும். இதெல்லாம் நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தலையில் பூ வைத்துக்கொண்டு வரக் கூடாது என்றார் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "இதழ் உதிரும், மகரந்தம் பறக்கும். செடி கொடி சமாச்சாரமே உள்ள வேணாம் வசந்தாம்மா" என்றார். மல்லிகை இல்லாமல் வெளியே கிளம்பாதவள் நான். தினமும் காலையில் பூவை எடுத்து ஈரத்துணியில் சுற்றி என் டிபன் பாக்ஸ் மேல் வைத்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போவேன்.

பெட்டிக்குள் என்ன நடந்தது என்பதைச் சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும். ஊதா நிற லேசர் ஒன்று. அதன் வழியில் ஒரு சின்னப் படிகம், கற்கண்டுத் துண்டு அளவு இருக்கும். போகிற ஊதாத் துகள்களில் கோடியில் ஒன்று அந்தப் படிகத்துக்குள் இரண்டாக உடையும். இரண்டும் ஒரே கணத்தில் பிறந்த இரட்டைகள். நம் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு. ஒன்று இடப்பக்கம் போகும், மற்றது வலப்பக்கம் போகும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு டிடெக்டர். நாங்கள் அவற்றை இடக்கண், வலக்கண் என்றுதான் சொல்வோம். ஒரு துகள் வந்து விழுந்தால் எண்ணியில் ஒன்று ஏறும். இரண்டு கண்ணும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டால் மூன்றாவது எண்ணியில் ஒன்று ஏறும். அதுதான் ஜோடி.

இதனால் என்ன பயன் என்று என் வீட்டுக்காரரே கேட்டிருக்கிறார். ஒரு டிடெக்டர் எவ்வளவு நன்றாகப் பார்க்கிறது என்று தெரிய வேண்டுமானால், இவ்வளவு வெளிச்சம் என்று ஏற்கெனவே அளந்து வைத்த விளக்கு வேண்டும். அந்த விளக்கை அளக்க இன்னொரு விளக்கு. அதை அளக்க இன்னொன்று. இப்படியே போகும். இரட்டைத் துகள் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இடக்கண் ஒன்றைப் பார்த்துவிட்டதா, அதன் இரட்டை வலப்பக்கம் கிளம்பிவிட்டது என்று சத்தியம் செய்யலாம். இடக்கண் நூறு பார்த்தபோது வலக்கண் அதில் இருபதைப் பிடித்தது என்றால், வலக்கண்ணின் திறமை நூற்றுக்கு இருபது. அவ்வளவுதான் கணக்கு. யாருடைய சான்றிதழும் தேவையில்லை, வெளிச்சமே தனக்குச் சாட்சி சொல்கிறது. முதன்முதலாக மூன்றாவது எண்ணியில் எண்கள் ஓட ஆரம்பித்த அன்று, நான் இருட்டிலேயே கை தட்டிவிட்டேன்.  சாரும் சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன், இருட்டில் தெரியவில்லை.

இந்த அளவைத்தான் ஷமீமா தன் ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தாள். பரங்கிப்பேட்டைப் பெண். வாப்பா வளைகுடாவில் வேலை. அவர்கள் தெருவில் இயற்பியலில் ஆராய்ச்சிக்கு வந்த முதல் பெண் அவள்தான். நான் கடலூரில் ஏறுகிற பஸ்ஸில் அவள் பி.முட்லூரில் ஏறுவாள். எனக்குப் பக்கத்து சீட்டில் பையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருப்பேன். வாயைத் திறந்தால் ஜோடிக் கணக்குத்தான். ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, நேத்து இருபதுக்கு மேல போச்சுக்கா" என்பாள். முன் சீட்டுக்காரர் கோழி வியாபாரம் என்று நினைத்திருக்கலாம்.

அளவெடுப்பதற்கு சார் ஒரு முறை வைத்திருந்தார். லேசர் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. அதனால் முதலில் லேசரின் கரண்ட்டை ஏற்றி இறக்கி, இடக்கண்ணின் எண்ணிக்கையை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வலக்கண்ணையும் ஜோடியையும் குறிக்க வேண்டும். இடக்கண்தான் எங்களுக்கு அளவுகோல். இந்த முறையை யாரும் மாற்றியதில்லை, மாற்றலாம் என்று யோசித்ததும் இல்லை.

கோடை விடுமுறைக்கு முந்தின நாள் சார் தன் வீட்டுப் பலாப்பழம் இரண்டு கொண்டுவந்திருந்தார். பக்கத்து அறையில் அறுத்து எல்லாருக்கும் சுளை கொடுத்தோம். எறும்பு சும்மா இருக்குமா, சாயங்காலத்துக்குள் வரிசை கட்டி இருட்டறை வாசல்வரை வந்துவிட்டது. அட்டெண்டர் துடைத்துத் துடைத்து அலுத்துப்போனார். அன்றைக்குப் பார்த்து மின்வெட்டு வேறு. உள்ளே ஷமீமா அளவெடுத்துக்கொண்டிருந்தாள். யூ.பி.எஸ்.ஸில் டிடெக்டர் மட்டும் ஓடியது. அவள் தடவித் தடவி வெளியே வந்தாள், நானும் அவளும் பஸ்ஸுக்கு ஓடினோம். கரண்ட் வந்ததும் சார் அறையைப் பூட்டப் போயிருக்கிறார். உள்ளே டியூப்லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. டிடெக்டரும் ஓடிக்கொண்டிருந்தது.

விடுமுறை முடிந்து திரும்பி வந்தோம். முதல் நாளே அளவு சரிந்திருந்தது. நூற்றுக்கு இருபது பார்த்த வலக்கண் பன்னிரண்டுதான் பார்த்தது. மறுநாளும் அப்படியே. வெளியிலிருந்து ஒளி கசிகிறதா என்று லேசரை அணைத்துப் பார்த்தோம். சுத்தமான இருட்டு, ஒரு குறையும் இல்லை. பெட்டிக்கு வெளியே ஓடுகிற வயர்களை மாற்றினேன், எண்ணியை மாற்றினேன், பவர் சப்ளையைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் குற்றமில்லை. மிச்சம் இருந்தது ஒரே காரணம். டியூப்லைட்டின் வெளிச்சம் எந்த இடுக்கு வழியாகவோ பெட்டிக்குள் போய் வலக்கண்ணைச் சுட்டுவிட்டது.

சார் குரலை இறக்கித்தான் பேசினார். "ஷமீமா, நீங்க வேணும்னு பண்ணிருக்க மாட்டீங்க. ஆனா கண்ணு போயிடுச்சு. வெளிநாட்டுக்கு அனுப்பணும். எப்பத் திரும்பி வரும்னு தெரியாது. நீங்க வேற தலைப்பு பாத்துக்குங்க." துறைக் கூட்டத்திலும் அதையே சொன்னார். ஆராய்ச்சி மாணவி டியூப்லைட்டை அணைக்காமல் போனதால் டிடெக்டர் எரிந்துவிட்டது என்று பேச்சாயிற்று. வேறு தலைப்பு என்றால் ஆரம்பத்திலிருந்து. அவளுடைய உதவித்தொகைக் காலம் அதுவரை நீளாது. அதற்குள் பேச்சு பரங்கிப்பேட்டைக்கும் போய், அங்கிருந்து வளைகுடாவுக்கும் போய்விட்டது. காலேஜ் மெஷினை எரித்துவிட்டாயாமே என்று வாப்பா போனில் கேட்டாராம். படித்தது போதும், வீட்டுக்கு வா என்று உம்மா சொல்லிவிட்டாராம்.

பஸ்ஸில் அவள் எதுவும் பேசாமல் வந்தாள். அந்தப் பெண் பேசாமல் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. நீ அணைத்திருப்பாய், சும்மா பயப்படாதே என்றேன். "தெரியலக்கா. கரண்ட் இல்லாதப்ப சுவிட்சைத் தட்டினேன். ஆஃப் பண்ணேனா, ஆன் பண்ணேனான்னு எனக்கே தெரியல. நான்தான் எரிச்சிருப்பேன்" என்றாள். பிறகு பி.முட்லூரில் இறங்கும்வரை துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

வலக்கண்ணைக் கழற்றிப் பார்சல் கட்டுவதற்குச் சார் நாள் குறித்துவிட்டார். அன்று காலை அவர் வகுப்புக்குப் போயிருந்தார். நானும் ஷமீமாவும் இருட்டறையில் நின்றோம். கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஓட்டு, யார் கேட்பது என்றேன். வழக்கம்போல இடக்கண்ணுக்காகக் கரண்ட்டை இறக்கப் போனவள், கையை அப்படியே நிறுத்தினாள்.

"அக்கா, லீவுக்கு முன்னாடியெல்லாம் இவ்ளோ இறக்க மாட்டோமே. இப்ப ஏன் ஜாஸ்தி இறக்கறோம்? இறக்காம, அப்ப வச்ச எடத்துலயே வச்சுப் பாக்கலாமா?"

சாருடைய முறைக்கு அது விரோதம். எனக்குப் பொறுமை என்பதே கிடையாது, அந்த நேரத்தில் அது நல்லதாகப் போயிற்று. வை என்றேன். விடுமுறைக்கு முன் லேசர் எந்தக் கரண்ட்டில் ஓடியதோ, அதிலேயே வைத்தாள். இடக்கண்ணின் எண் கன்னாபின்னாவென்று ஏறியது. வலக்கண்ணைப் பார்த்தோம். பழைய எண். மூன்றாவது எண்ணியைப் பார்த்தோம். பழைய ஜோடி, ஒன்றுகூடக் குறையவில்லை.

என் முழங்கையை அவள் பிடித்த பிடியில் வலி உயிர் போயிற்று. வலக்கண் கெட்டிருந்தால் ஜோடி எப்படிப் பழையபடி வரும்? அது ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டாத வெளிச்சம் ஒன்று இடக்கண்ணில் விழுந்து, அந்த எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டிருந்தது. ஏறிவிட்டதே என்று நாங்கள் லேசரை இறக்கினோம். லேசரை இறக்கியதால் ஜோடி குறைந்தது. ஜோடி குறைந்ததால் வலக்கண் மேல் பழி. எங்கள் அளவுகோலே கோணலாக இருந்திருக்கிறது. "அது ஜோடி இல்லாத வெளிச்சம்க்கா. அதுக்கு இரட்டை கெடையாது. அதான் மூணாவதுல ஏறல" என்று ஷமீமா திரும்பத் திரும்பச் சொன்னாள்.  

ஆனால் லேசரை அணைத்தால் அந்த வெளிச்சமும் போய்விடுகிறது. அப்படியென்றால் லேசர் பட்டு உள்ளேயே ஏதோ மினுங்குகிறது. என்ன அது?

வகுப்பு முடிந்து சார் வந்து இரண்டு தட்டுத் தட்டினார். "வரலாம்" என்று நான் போட்ட சத்தம் வராண்டா முழுக்கக் கேட்டிருக்கும். ஷமீமா எண்களைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னாள். முறையை மீறியதற்கு "அப்படிங்களா" வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். மறுபடியும் ஓட்டச் சொன்னார். பிறகு டிடெக்டர்களை அணைத்து, டார்ச்சைப் போட்டு, மூடியைத் தானே தூக்கினார்.

இடக்கண்ணுக்கு எதிரே, பெட்டியின் பக்கச் சுவரில் வயர்கள் உள்ளே வருகிற துளை. அதன் வழியாக ஒரு கொத்து வேப்பிலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. காய்ந்திருந்தாலும் பச்சை போகாமல் இருந்தது.

யார் வைத்தது என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். சாருடைய முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். டார்ச்சைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். அவர் வீட்டில் நெல் மூட்டை, பயறு டப்பா, புத்தக அலமாரி எல்லாவற்றிலும் பூச்சி அண்டாமல் இருக்க வேப்பிலை சொருகுவார்களாம். அன்றைக்கு அறையைப் பூட்ட வந்தவர் எறும்பு வரிசையைப் பார்த்திருக்கிறார். வாசலில் வேப்ப மரம். ஒரு கொத்து ஒடித்து, பெட்டியின் வெளிப்பக்கமிருந்து வயர் துளைக்குள் முழுக்கச் செருகிவிட்டார். டியூப்லைட் எரிந்த எரிச்சல் மனதில் தங்கிவிட்டது, வேப்பிலை தங்கவில்லை.

"நான்தான் வச்சேன்" என்றார். டார்ச்சை இறக்கிக்கொண்டு, "டிடெக்டர் நல்லாத்தான் பாத்திருக்கு. எனக்குத்தான் கண்ணு தெரியல ஷமீமா" என்றார்.

என்னால் அடக்க முடியவில்லை. "சார், என் தலையில இருந்த ஒரு முழம் மல்லிக்குத் தடை போட்டீங்களே" என்றேன்.  பிறகு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே இலையைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

"சார், எடுக்காதீங்க" என்றாள் ஷமீமா.

அவளுக்கு அதைப் பார்க்க வேண்டும். லேசரை ஓட்டி, ஊதாவை மறைத்துச் சிவப்பை மட்டும் விடுகிற கண்ணாடி வழியாக ஒவ்வொருவராகப் பார்த்தோம். இருட்டில் அந்த வேப்பிலை, ஊதிவிட்ட தணல் போல மங்கலாகச் சிவந்து கிடந்தது. பச்சை இலைக்குள் அப்படியொரு சிவப்பு இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. இலையின் பச்சையம் ஊதா ஒளியைக் குடித்துவிட்டுச் சிவப்பாகத் திருப்பிக் கொடுக்கும் என்று சார் விளக்கினார். அவர் குரலும் படபடப்பாகத்தான் இருந்தது. அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. செடி கொடியே கூடாது என்றவர், தானே வெளியே போய்ப் பச்சை வேப்பிலை பறித்துக்கொண்டு வந்தார். பழையதை எடுத்துவிட்டுப் புதிதை வைத்தோம். இடக்கண் கத்தியது, ஜோடி அசையவில்லை. இரண்டு கொத்து வைத்தோம். இடக்கண் இன்னும் கத்தியது, ஜோடி அசையவே இல்லை. தற்செயலாக ஒரே நேரத்தில் விழுகிற கொஞ்சத்தைக் கணக்குப் போட்டுக் கழித்தால் அதே எண். எத்தனை வேண்டாத வெளிச்சம் குறுக்கே வந்தாலும், ஜோடிகளின் எண்ணிக்கை கெடாது என்பது எங்கள் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் சாப்பிட்டோமா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

பார்சல் கட்டுகிற பேச்சே நின்றது. ஷமீமாவுக்குத் தலைப்பு மாறவில்லை, ஒரு அத்தியாயம் கூடியது. பிச்சாவரத்திலிருந்து சுரபுன்னை இலை கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். பண்ருட்டிப் பலா இலையும் வைத்துப் பார்த்தாள். அளவெடுக்கும் முறையும் மாறியது. இடக்கண்ணை வைத்து லேசரைத் திருகுவது நின்றது. கதவில் ஒட்டியிருந்த சட்டதிட்டத்தின் அடியில், இலை வைப்பதாக இருந்தால் சொல்லிவிட்டு வைக்கவும் என்று சார் தன் கையால் எழுதினார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளுடைய வாய்மொழித் தேர்வு நடந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. அவளுடைய வாப்பா லீவில் வந்து கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெஷின் எரியவில்லை என்று மகள் போனில் எத்தனையோ தடவை சொல்லியும், தன்னைத் தேற்றச் சொல்கிறாள் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம். திரையில் சிவந்த வேப்பிலையின் படம் வந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், லேசர் பெட்டிக்குள் வேப்பிலை எப்படி வந்தது என்று கேட்டார்.

ஷமீமா சாரைப் பார்க்கவில்லை. "லீவு முடிஞ்சி வந்து பாத்தப்ப உள்ள இருந்துச்சி சார். தற்செயலா..." என்று ஆரம்பித்தாள்.

சார் எழுந்துவிட்டார். "தற்செயல் இல்லீங்க. எறும்புக்காக நான்தான் சொருகினேன். சொருகிட்டு மறந்துட்டேன். இந்தப் பொண்ணு டிடெக்டர எரிச்சிடுச்சின்னு எல்லார்கிட்டயும் சொன்னதும் நான்தான். அது தப்பு. அவங்க எதையும் எரிக்கல."

அன்றைக்கு அவர் குரல் இறங்கவில்லை. கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது. ஆனாலும் வாப்பா என் பக்கம் குனிந்து, சார் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"ஒங்க பொண்ணு எதையும் எரிக்கலன்னு சொல்றாரு பாய்" என்றேன்.

"இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன்.